பத்து நிமிஷத்தில் தொண்டை கட்டும் ரேடியோ

அல்சூரில் மாமனார் வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய வால்வு ரேடியோ நான்கு நாளைத் தின்றது. போட்டதும் 612 கிலோஹெர்ட்ஸில் ஆகாசவாணி பெங்களூரு தெளிவாகக் கேட்கும். பத்து நிமிஷத்தில் செய்தி வாசிப்பவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். ஸ்பீக்கரை ஓட்டும் கடைசி வால்வான இஎல்84-இன் கேத்தோடில் (எலக்ட்ரான் கிளம்பும் முனை) 7 வோல்ட் இருந்தது 11 ஆகியிருக்கும்; அதாவது வால்வில் கரண்ட் கூடியிருக்கும்.

முதலில் பவர் சப்ளையின் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களை மாற்றினேன். ஹம் என்கிற உறுமல் குறைந்தது, கரகரப்பு போகவில்லை. எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடையில் வேறு இஎல்84 வாங்கிப் போட்டேன். அதுவும் அதே கதை. "அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போயிருக்கும் சார்" என்றார் கடைக்காரர். நல்லவேளை, வாங்கவில்லை.

கடைசியில் இரண்டாம் பின்னில், அதாவது வால்வின் கரண்டைக் கட்டுப்படுத்தும் கிரிட்டில், மீட்டர் வைத்தேன். அங்கே பூஜ்யம்தான் இருக்க வேண்டும். சூடேற ஏற 1, 2, 5 வோல்ட் என்று பிளஸ்ஸில் ஏறியது. செட்டை அணைத்து, ஃபில்டர் சார்ஜ் இறங்கியதும் முந்தைய வால்வின் டிசி வோல்டேஜைத் தடுத்து ஒலியை மட்டும் கிரிட்டுக்கு விடும் கப்ளிங் கெபாசிட்டரின் ஒரு முனையைக் கழற்றினேன். மறுபடி போட்டால், எவ்வளவு சூடானாலும் பூஜ்யம். அப்போதும் ஏறியிருந்தால் வால்வைச் சந்தேகப்பட்டிருக்கலாம்.

இத்தனைக்கும் அந்த 0.01 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை மீட்டர் நல்லது என்றே காட்டியது. சூடும் 200 வோல்ட்டுக்கு மேலான அழுத்தமும் சேர்ந்தால்தான் அது ஒழுகும், டிசியைக் கிரிட்டுக்கு விடும். சூடாக்கியதே வடிவமைப்புதான்: இஎல்84 சாக்கெட்டோடு ஒட்டி வைத்திருந்தார்கள். கெபாசிட்டரின் மெழுகு உருகி சாக்கெட் ஓரத்தில் ஒரு சொட்டு உறைந்திருந்ததை நான்கு நாளும் அழுக்கு என்றே நினைத்திருந்தேன்.

630 வோல்ட் பாலியெஸ்டர் கெபாசிட்டர் ஒன்றைச் சாக்கெட்டிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வைத்து, கிரிட் கம்பியைச் சேசிஸை (உலோகச் சட்டத்தை) ஒட்டி ஓட்டினேன். மூன்று மணி நேரமாகப் பாடுகிறது. கேத்தோடு, அதே 7.