எல்லைப்புற நகரம் கட்டும் இருவர் அட்டை விளையாட்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க மேற்கின் எல்லைப்புற நகரத்தை இருவர் எதிரெதிரே அமர்ந்து கட்டும் சிறிய அட்டை விளையாட்டுகளுள், ஸ்டீவன் அராமினி, டேனி டிவைன், பால் குளுகா ஆகிய மூவர் வடிவமைத்து, பட்டன் ஷை நிறுவனம் வெளியிட்ட ‘சர்க்கிள் தி வேகன்ஸ்’ எனக்கு மிகவும் பிடித்தமானது. மொத்தம் 18 அட்டைகள்தாம். அவை சட்டைப்பையில் அடங்கிவிடும். கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் பக்கத்து வீடுகளில் விடுமுறை நாள்களின் மாலைப்பொழுதில் இதைக் கற்றுக்கொடுக்கும்போது, விதிகளைச் சில நிமிடங்களிலேயே புரிந்துகொள்பவர்கள்கூட அதன்பின் ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரே வகைத் தவறுகளைச் செய்வதைக் காண்கிறேன். அவற்றுள் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. தாம் எடுக்கும் அட்டை தமக்கு என்ன தருகிறது என்று கணக்கிடுபவர்கள், அதை எடுப்பதற்காகத் தாண்டிச் செல்லும் அட்டைகள் எதிராளிக்கு என்ன தருகின்றன என்று கணக்கிடுவதில்லை.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 18 அட்டைகளைக் கலைத்து, மூன்றை நடுவில் புள்ளி அட்டைகளாக வைக்க வேண்டும். அந்த ஆட்டத்தில் எவற்றுக்குச் சிறப்புப் புள்ளிகள் என்பதை அவை சொல்லும். மீதமுள்ள 15 அட்டைகளையும் அவற்றைச் சுற்றி வட்டமாக அடுக்க வேண்டும். ஒவ்வோர் அட்டையிலும் நான்கு கட்டங்கள் உள்ளன. கட்டங்களில் காடு, மலை, பாலை, பனி போன்ற நிலவகைகளும், வண்டி, கோட்டை போன்ற சின்னங்களும் வரும். தம் முறை வரும்போது ஒருவர் வரிசையில் அடுத்திருக்கும் அட்டையை எடுக்கலாம், அல்லது சிலவற்றைத் தாண்டி வேறோர் அட்டையை எடுக்கலாம். தாண்டிய அட்டைகள் அனைத்தும் எதிராளிக்குப் போய்ச் சேரும். அவர் அவற்றைத் தம் நகரத்தில் சேர்த்துக்கொள்வார். வட்டம் காலியானதும் ஆட்டம் முடியும். ஒவ்வொரு நிலவகையிலும் பக்கத்தோடு பக்கம் தொட்டு நிற்கும் மிகப் பெரிய தொகுதிக்குக் கட்டத்துக்கு ஒரு புள்ளி உண்டு. அதனுடன் மூன்று புள்ளி அட்டைகளின் கணக்கும் சேரும்.

தாண்டுவதைத் தம் விருப்பத்துக்கு உட்பட்ட சிறு வசதியாக எண்ணுவதே முதல் தவறு. மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய தவறும் அதுவே. ஊவே ரோசன்பெர்க் வடிவமைத்த ‘பேட்ச்வொர்க்’ விளையாட்டை ஆடிப் பழகியவர்களிடம் இது அதிகமாகத் தெரிகிறது. அதிலும் துண்டுகள் வட்டமாகத்தான் அடுக்கப்படும். ஆனால் அங்கே தாண்டிய துண்டுகள் அதே இடத்திலேயே கிடக்கும், எதிராளியின் கைக்குப் போகாது. அந்தப் பழக்கத்தோடு இங்கே வருபவர், தமக்குப் பிடித்த ஓர் அட்டைக்காக மூன்று அட்டைகளைத் தாண்டும்போது, எதிராளிக்கு 12 கட்டங்களை இலவசமாகக் கொடுக்கிறார். தமக்குக் கிடைப்பதோ நான்கு கட்டங்கள் மட்டுமே.

ஒரு நிலைமையை நெருங்கிப் பார்த்தால் இது தெளிவாகும். அண்ணனும் தங்கையும் ஆடுகிறார்கள். இப்போது தங்கையின் முறை. அவர் நகரத்தில் நான்கு கட்டக் காடு ஒன்றும் மூன்று கட்டக் காடு ஒன்றும் இடையில் ஒரே ஓர் இடைவெளியுடன் பிரிந்து கிடக்கின்றன. வரிசையில் மூன்றாவதாக இருக்கும் அட்டையின் காட்டுக் கட்டம் அந்த இடைவெளியை அடைத்தால், மிகப் பெரிய காடு நான்கிலிருந்து எட்டாக உயரும். அதாவது நான்கு புள்ளிகள் கூடும். முதல் இரண்டு அட்டைகளும் தங்கைக்குத் தலா ஒரு புள்ளிதான் தரும்; ஆனால் அண்ணன் வளர்த்துவரும் பாலைக்கு அவை தலா இரண்டு புள்ளிகள் தரக்கூடியவை. மூன்றாவது அட்டையால் அண்ணனுக்கு எந்தப் பயனும் இல்லை. புதியவர்கள் பலரும் இங்கே தயங்காமல் மூன்றாவதை எடுத்துவிடுவார்கள். தங்கைக்கு நான்கு, அண்ணனுக்கும் இரண்டும் இரண்டுமாக நான்கு. ஆக, இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் மாறவேயில்லை.

தங்கை முதல் அட்டையை எடுத்து ஒரு புள்ளியோடு நிறுத்திக்கொண்டால் என்ன ஆகும்? அண்ணன் தம் பாலைக்காக இரண்டாவதை எடுத்தால் அவருக்கு இரண்டு புள்ளிகள். அடுத்த முறையில் மூன்றாவது அட்டை தங்கைக்கே வருகிறது. மொத்தத்தில் தங்கைக்கு ஐந்து, அண்ணனுக்கு இரண்டு. அண்ணன் கூர்மையானவராக இருந்து, தங்கையைத் தடுப்பதற்காகவே இரண்டாவதைத் தாண்டி மூன்றாவதை எடுத்தாலும், அவருக்குப் புள்ளி ஏதும் கிடைக்காது. இரண்டாவது அட்டை தங்கையிடம் வந்து அவருக்கு மொத்தம் இரண்டு புள்ளிகளாகும். அப்படியும் தங்கை இரண்டு புள்ளிகள் முன்னேறுகிறார். எந்த வழியில் பார்த்தாலும் பொறுத்திருந்ததுதான் இலாபம். எதிராளிக்குத் தேவைப்படாத அட்டை தானாகவே நம்மிடம் வந்து சேர வாய்ப்புண்டு. அதைத் துரத்தி விலைகொடுத்து வாங்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருப்பதில்லை. எதிராளிக்கும் அது தேவைதானா என்பதை அவருடைய நகரமே காட்டிவிடும்; இந்த விளையாட்டில் மறைத்து வைக்கப்பட்ட கையிருப்பு என்று எதுவும் கிடையாது. எனவே, தம் முறைக்குக் காத்திருக்கும் நேரத்தைத் தம் நகரத்தைப் பார்ப்பதிலேயே செலவிடுபவர், மேசையில் திறந்து கிடக்கும் தகவலில் பாதியைப் படிக்காமலே ஆடுகிறார்.

தாண்டவே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். ஓர் அட்டையை மட்டும் தாண்டி, அதனால் எதிராளிக்கு ஒரு புள்ளியும் நமக்கு நான்கு புள்ளிகளும் கிடைக்குமானால், தாண்டத் தயங்குவதுதான் தவறு. நாம் எடுக்கும் அட்டைக்கு அடுத்து நிற்கும் அட்டையையும் பார்த்துவிட வேண்டும். எதிராளியின் முறை அங்கிருந்துதான் தொடங்குகிறது. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்த தவறு, கேடு செய்யும் அட்டையை எதிராளியின் தலையில் கட்டிவிட்டோம் என்று மகிழ்வது. சில புள்ளி அட்டைகள் குறிப்பிட்ட நிலைமைகளுக்குப் புள்ளிகளைக் கழிக்கும். அத்தகைய ஆட்டங்களில், கழித்தலுக்கு உரிய அட்டைகளை வேண்டுமென்றே தாண்டி எதிராளிக்குத் தள்ளுவது நல்ல தந்திரம்போலத் தோன்றும். ஆனால் இந்த விளையாட்டில் ஓர் அட்டையை மற்றோர் அட்டையின் மேல் வைத்து மூடலாம். இரண்டு கெட்ட அட்டைகளைச் சேர்த்துத் தள்ளினால், இரண்டாவதைக் கொண்டே முதலாவதன் கேடான கட்டத்தை எதிராளி மறைத்துவிடுவார். மீதிக் கட்டங்கள் அவருக்கு வரவாகிவிடும். தள்ளிவிட்ட அட்டை உண்மையில் உறுத்த வேண்டுமானால், மூடுவதற்கு அவருக்கு அட்டை அகப்படாத நேரமாக, அதாவது ஆட்டத்தின் இறுதிப் பகுதியாக இருக்க வேண்டும்.

மூடுவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே இரு எதிர்த்திசைகளிலும் தவறு நடக்கிறது. ஒரு சாரார், அட்டையில் அச்சிடப்பட்ட நான்கு கட்டங்களும் தமக்கே உரியவை, அவற்றுள் ஒன்றை மறைத்தால் நட்டம் என்று எண்ணி, கடைசிவரை ஒன்றின்மேல் ஒன்று வைக்கத் துணிவதில்லை. அவர்களுடைய நகரம் மேசை முழுவதும் பரந்து கிடக்கும். காடு ஐந்து இடங்களில் சிதறியிருக்கும். புள்ளி தருவதோ அவற்றுள் மிகப் பெரியது ஒன்றுதான். ‘கிங்டோமினோ’ ஆடியவர்களுக்கு இந்த ஏமாற்றம் அடிக்கடி நேர்கிறது. அதில் கிரீடம் உள்ள ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே புள்ளி உண்டு, இங்கே இரண்டாவது பெரிய காட்டுக்கு எதுவுமே இல்லை. இன்னொரு சாரார் நகரத்தை அழகிய சதுரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே மூடுகிறார்கள். புள்ளி அட்டை எதுவும் கேட்காதவரை வடிவத்துக்குப் புள்ளி கிடையாது. ஏழு கட்டங்கள் வரிசையாக நிற்கும் ஒரு தொகுதியின் நடுக்கட்டத்தை மூடினால், அது மூன்றும் மூன்றுமாகப் பிரிந்து, ஏழு புள்ளிகள் மூன்றாகச் சரிந்துவிடும். அட்டையைக் கீழே வைப்பதற்கு முன், மறையப்போகும் கட்டம் எந்தத் தொகுதியைச் சேர்ந்தது, அதில் சின்னம் உள்ளதா, புதிதாக இணையப்போவது எது என்பவற்றைப் பார்த்துவிட்டு வைத்தால் போதும்.

நம் கோலாலம்பூரும் ஈயச் சுரங்கத்துக்காகக் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் முளைத்த எல்லைப்புறக் குடியிருப்புதான். 1881-இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கியபின், அத்தாப்பு ஓலைக் கூரை வீடுகள் நின்ற இடங்களிலேயே செங்கல்லும் ஓடும் கொண்ட கட்டடங்கள் எழுந்தன. இந்த விளையாட்டில் நகரம் தன்மேலேயே வளரும் முறையைப் புதியவர்களுக்கு விளக்க இதைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியாது. பழையதன்மேல் புதியதைக் கட்டுவது இழப்பாகத் தோன்றினாலும், எதை இழந்து எதைப் பெறுகிறோம் என்பதுதான் கணக்கு.

புள்ளி அட்டைகள் தொடர்பான தவறுகள் எளியவை, ஆனால் விலை அதிகம். 18 அட்டைகளிலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுக்க 816 வழிகள் உள்ளன. ஆகவே, நேற்று வென்ற உத்தி இன்றைய மேசையில் பொருளற்றதாக இருக்கலாம். சென்ற ஆட்டத்தில் வண்டிகளைச் சேர்த்து வென்றவர், இந்த ஆட்டத்தில் வண்டியைப் பற்றி எந்த அட்டையும் பேசாதபோதும் வண்டிகளையே தேடுவதைப் பார்க்கலாம். மூன்று அட்டைகளையும் தனித்தனியே படிப்பதும் போதாது. ஒன்று சேர்க்கச் சொல்வதை மற்றொன்று பிரிக்கச் சொல்லக்கூடும். அப்போது இரண்டையும் பாதிப் பாதியாக நிறைவேற்ற முயல்வதைவிட, ஒன்றைக் கைவிட்டுவிடுவதே என் அனுபவத்தில் மேலானது. புள்ளி அட்டைகளின் கவர்ச்சியில் நிலத் தொகுதிகளுக்கான அடிப்படைப் புள்ளிகளை மறந்துவிடுவதும் பரவலாகக் காணப்படுகிறது. மூன்று அட்டைகளும் மாறிக்கொண்டே இருந்தாலும், நிலத்துக்கான கணக்கு எல்லா ஆட்டங்களிலும் மாறாமல் நிற்கிறது.

வீட்டில் தாத்தா பாட்டியுடனோ மாமா அத்தையுடனோ ஆடும்போது, புள்ளி அட்டைகளின் வாசகம் ஆங்கிலத்தில் இருப்பதால், ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே மூன்றையும் வாய்விட்டுப் படித்து, தமிழில் சொல்லி, ஐயமான இடங்களை இருவரும் பேசி முடிவுசெய்துவிட வேண்டும். மூலைவிட்டமாகத் தொடும் கட்டங்கள் நிலத் தொகுதியில் சேராது என்பதையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது. ஆட்டத்தின் இறுதியில் “அப்படியென்றால் எனக்கு யாருமே சொல்லவில்லையே” என்று ஒரு பெரியவர் வருந்துவது, எந்த வெற்றிக்கும் ஈடாகாத இழப்பு. இதே மூவர் வடிவமைத்த ‘ஸ்ப்ராலோபோலிஸ்’ கூட்டாக ஆடும் விளையாட்டு. அதில் பழகியவர்கள் எதிராளிக்கும் யோசனை சொல்லத் தொடங்கிவிடுவார்கள். கற்றுக்கொடுக்கும் முதல் ஆட்டத்தில் அது நல்ல பண்பு. அதன்பின் எதிரில் இருப்பவரின் சிந்தனையை அது பறித்துவிடும்.

மேசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 15 அட்டைகளையும் உண்மையிலேயே வட்டமாக அடுக்கினால், மாமாக் உணவகத்தின் சிறிய மேசையில் இருவருடைய நகரத்துக்கும் இடம் இருக்காது. வரிசை மாறாமல் இருந்தாலே போதும். இரண்டு நீண்ட வரிசைகளாக அடுக்கி, எந்தத் திசையில் சுற்றுகிறோம் என்று முன்பே சொல்லிக்கொள்ளலாம். வழவழப்பான பிளாஸ்டிக் உறை போட்ட அட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று வைக்கும்போது வழுக்கும், மின்விசிறிக் காற்றில் நகரும். உறை போடாவிட்டால் நம் ஊர் ஈரப்பதத்தில் அட்டைகள் வளையும். என் தேர்வு, வழவழப்பில்லாத மெல்லிய உறை.

இறுதியாக, ஆட்டத்தின் கடைசி நான்கு அட்டைகள். அதுவரை நன்றாக ஆடியவர்களும் இங்கே ஊகத்தின் பேரில் எடுக்கிறார்கள். ஊகம் தேவையே இல்லாத இடம் இது. மூன்று அட்டைகள் மீந்திருந்தால், யாருக்கு எது போகும் என்பதில் மொத்தம் நான்கு முடிவுகள்தான் உள்ளன: முதலாவதை எடுத்தால் எதிராளிக்கு இரண்டு வழிகள், இரண்டாவதையோ மூன்றாவதையோ எடுத்தால் மீதி தானே தீர்மானமாகிவிடும். நான்கு அட்டைகள் மீந்திருந்தால் எட்டு முடிவுகள். முதலாவதை எடுத்தால் நான்கு, இரண்டாவதை எடுத்தால் இரண்டு, மற்றவற்றுக்குத் தலா ஒன்று. எட்டு முடிவுகளையும் மனத்தில் ஓட்டிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும். எதிராளி அந்த ஒரு நிமிடத்தைத் தரத் தயங்க மாட்டார், அவருக்கும் அது தேவைப்படும். குறிப்பாக, கடைசி அட்டைக்காக மூன்றையும் தாண்டினால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும், எதிராளிக்கு மூன்று அட்டைகள் ஒரேயடியாகச் சேரும். அந்தக் கடைசி அட்டை நமக்குத் தருவதை, அந்த மூன்றும் அவருக்குத் தருவதோடு கூட்டிக் கழித்துப் பார்த்த பிறகே கையை நீட்ட வேண்டும்.