விடால் சீட்டோடு தேடலை நிறுத்தாதீர்கள்

போன வாரம் ரவுண்ட்ஸில் ஒரு ஹவுஸ் சர்ஜன் கேஸ் சொன்னார். 7 நாள் காய்ச்சல், தலைவலி, விடால் பாசிட்டிவ். "டைபாய்டு சார், செஃப்ட்ரியாக்சோன் போட்டிருக்கோம்." இதே வார்த்தைகளை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். கை கழுவுவது, ஹிஸ்டரியை முழுசாகக் கேட்பது எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். அவற்றை விட்டுவிட்டு, கேஸ் பார்க்கும்போது நாம் அடிக்கடி செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஒரே ஒரு விடாலை வைத்து முடிவு கட்டுவது

விடால் 1896-ல் வந்த சோதனை. டைபாய்டு கிருமியின் ஓ, எச் ஆன்டிஜன்களுக்கு எதிரான ஆன்டிபாடியை அளக்கிறது. அந்த ஆன்டிபாடி இந்தக் காய்ச்சலில் உண்டானதா, எப்போதோ வந்த டைபாய்டின் மிச்சமா, தடுப்பூசியால் வந்ததா என்று அதற்குச் சொல்லத் தெரியாது. நம் ஊரில் நல்ல உடம்போடு நடமாடுபவர்களிடமும் ஓரளவு டைட்டர், அதாவது ஆன்டிபாடி அளவு, இருக்கும். மலேரியா போன்ற வேறு காய்ச்சல்களிலும் ஏறும். உண்மையான டைபாய்டிலோ முதல் வாரம் நெகட்டிவாகவே வரலாம். 7 முதல் 10 நாள் இடைவெளி விட்டு மறுபடி எடுத்து, டைட்டர் நான்கு மடங்கு ஏறியிருந்தால்தான் அதற்கு மதிப்பு. அப்படி இரண்டாவது முறை எடுத்த கேஸ் ஷீட்டை நான் பார்த்தது அபூர்வம்.

சீட்டு தப்பாக வருவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 'டைபாய்டு' என்று எழுதியதும் வேறு காரணத்தைத் தேடுவதையே விட்டுவிடுகிறோமே, அதுதான் எனக்கு இன்றும் ஆத்திரத்தைக் கிளப்புகிறது.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த ஒரு மார்கழியில், வயல் வேலைக்குப் போகும் ஒரு அம்மா 8 நாள் காய்ச்சலோடு வந்தார். விடால் ஓ 1:160. செஃப்ட்ரியாக்சோன் ஆன்டிபயாட்டிக் ஏற்றினோம். மூன்றாம் நாளும் 103 டிகிரி. தட்டணுக்கள் இறங்கின, கல்லீரல் என்சைம்கள் ஏறின. கூடவே டெங்குவும் இருக்குமோ என்று இன்னொரு டெஸ்ட்டுக்கு எழுதினேன். நான்காம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அன்று இரவு உடம்பு துடைத்துவிட்ட ஸ்டாஃப் நர்ஸ் அக்கா கூப்பிட்டார். "டாக்டர், இடுப்புல சிகரெட்டால சுட்ட மாதிரி ஒண்ணு இருக்கு, பாத்தீங்களா?"

பாவாடை நாடா இறுகும் மடிப்பில், மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்புப் பொருக்கு. சுற்றிலும் சிவந்த விளிம்பு. எஸ்கர், அதாவது உண்ணி கடித்த இடத்தில் உண்டாகும் பொருக்கு. உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைபஸ். "ஏதோ பூச்சி கடிச்சுதுப்பா, வலிக்கல, அதான் சொல்லல" என்றார் அந்த அம்மா.

இந்த நோயைத் தரும் ஓரியன்ஷியா கிருமி செல்லுக்குள்ளேயே வாழ்வது. செஃப்ட்ரியாக்சோன் அதை ஒன்றும் செய்யாது. டாக்சிசைக்ளின் கொடுத்தோம். பிழைத்துக்கொண்டார், ஆனால் அதற்கு முன் 6 நாள் வென்டிலேட்டரில் கிடந்தார். சேர்த்த அன்றே நான் அந்த நாடாவைத் தளர்த்திப் பார்த்திருக்கலாம்.

எஸ்கர் வலிக்காது, அரிக்காது. நோயாளி தானாகச் சொல்லமாட்டார். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், விரைப்பை, காதுக்குப் பின்னால் என்று கூச்சப்பட்டு நாம் பார்க்காமல் விடும் இடங்களில்தான் இருக்கும். திரை போடுங்கள், பெண் நோயாளி என்றால் நர்ஸைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், அனுமதி கேட்டுப் பாருங்கள். சரி, எஸ்கர் இல்லை என்றால்? அப்போதும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மழையும் பனியுமான மாதங்களில், 5 நாளைத் தாண்டிய காய்ச்சலோடு தட்டணு குறைந்து என்சைம்கள் ஏறியிருந்தால், ஸ்க்ரப் டைபஸுக்கான ஐஜிஎம் எலைசா ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை காத்திராமல் டாக்சிசைக்ளின் தொடங்குங்கள். பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும். நிலைமை கடுமையாக இருந்தால் டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து ரத்தக்குழாய் வழியாகக் கொடுப்பதே மேல் என்று 2023-ல் வெளியான இந்திய ஆய்வு காட்டியிருக்கிறது.

கல்ச்சருக்கு முன்னால் ஊசி

கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு முதலில் ரத்தம் எடுங்கள், அப்புறம் ஆன்டிபயாட்டிக்.

டெங்குவில் தட்டணுவை மட்டும் எண்ணுவது

காய்ச்சல் விட்டதும் சொந்தக்காரர்கள் நிம்மதியாகி வீட்டுக்குக் கிளம்பப் பார்ப்பார்கள். நீங்களும் அவர்களோடு சேர்ந்து நிம்மதியாகிவிடாதீர்கள். ரத்தக்குழாயிலிருந்து பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, கசிவது அந்த நேரத்தில்தான். ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) ஏறுகிறதா, வயிறு வலிக்கிறதா, வாந்தி நிற்காமல் இருக்கிறதா, ஆள் சோர்ந்து கிடக்கிறாரா, சிறுநீர் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். தட்டணு 40,000 இருந்தும் ரத்த அழுத்தம் சரிந்து ஷாக்குக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். 15,000-ல் ரத்தக்கசிவே இல்லாமல் எழுந்து நடந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

காய்ச்சல் எத்தனையாவது நாள் என்று எழுதாதது

என்எஸ்1 என்ற டெங்கு சோதனை காய்ச்சலின் முதல் 5 நாளுக்குள் எடுப்பது. 7-ஆம் நாள் அது நெகட்டிவ் வந்தால் டெங்கு இல்லை என்று எழுதாதீர்கள்.

ஒரே ஸ்மியரில் மலேரியா இல்லை என்பது

ரத்தத் துளியைக் கண்ணாடியில் பூசிப் பார்க்கும் ஸ்மியர் ஒருமுறை நெகட்டிவ் வந்தால், மறுபடி எடுங்கள்.

நாள்பட்ட இருமலுக்கு லெவோஃப்ளாக்சசின்

இந்த ஆன்டிபயாட்டிக் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். ஒரு வாரம் இருமல் குறைந்த மாதிரி இருக்கும், நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார். இரண்டு மாதம் கழித்து எடை குறைந்து, வீட்டில் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு வருவார். 2 வாரத்தைத் தாண்டிய இருமல் என்றால் முதலில் சளியைச் சோதனைக்கு அனுப்புங்கள்.