டெக்னிக்கல் கேமராவில் டிஜிட்டல் பேக்: ஃபோகஸைச் சரியாகப் பிடிப்பது எப்படி?

கேம்போ, ஆல்பா, ஆர்கா-ஸ்விஸ் போன்ற டெக்னிக்கல் கேமராக்களில் ஆட்டோஃபோகஸை எதிர்பார்க்க முடியாது. முன்னால் லென்ஸ், நடுவில் ஓர் உலோகச் சட்டம், பின்னால் டிஜிட்டல் பேக் (சென்சார் உள்ள, கழற்றி மாட்டக்கூடிய பகுதி), அவ்வளவுதான் கேமரா. லென்ஸின் வளையத்தைத் திருப்ப வேண்டியது நம் கை. கிரவுண்ட் கிளாஸில் (பேக்கின் இடத்தில் மாட்டி, காட்சி விழுவதைப் பார்க்கும் மங்கிய கண்ணாடி) லூப் எனும் உருப்பெருக்கி வைத்துப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தப் பழக்கம் இங்கே பாதிதான் உதவும். ஏன் என்று முதலில் பார்த்துவிடலாம். கொஞ்சம் கணக்கு வரும், எல்லாம் பெருக்கலும் வகுத்தலும்தான்.

எவ்வளவு பிழை தாங்கும்?

இந்தப் பதிவு முழுக்க ஒரே ஜோடியை வைத்துப் பேசுகிறேன்: ஃபேஸ் ஒன் ஐக்யூ4 150 பேக், ரோடன்ஸ்டாக் 40 மி.மீ. எஃப் 4 லென்ஸ். இந்த பேக்கில் ஒரு பிக்சல் 3.76 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஹாசல்பிளாட் சிஎஃப்வி 100சி வைத்திருந்தாலும் இதே அளவுதான், கணக்கு மாறாது.

ஒரு புள்ளி இரண்டு பிக்சலுக்கு மேல் பரவினால், திரையில் 100 சதவீதத்தில் பார்க்கும்போது மங்கல் தெரிய ஆரம்பிக்கும். இரண்டு பிக்சல் என்பது சுமார் 7.5 மைக்ரான். இதை அப்பர்ச்சர் எண்ணால் பெருக்கினால், சென்சார் தன் இடத்திலிருந்து முன்னே பின்னே எவ்வளவு விலகலாம் என்பது கிடைக்கும். எஃப் 4-இல் 30 மைக்ரான், எஃப் 8-இல் 60 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியம். தூரத்தில் இருக்கும் பொருளுக்கு, லென்ஸ் முடிவிலி நிலையிலிருந்து எவ்வளவு முன்னால் நகர வேண்டும்? குவியத் தூரத்தின் வர்க்கத்தைப் பொருளின் தூரத்தால் வகுத்தால் போதும். 40 மி.மீ. லென்ஸுக்கு வர்க்கம் 1600. பொருள் 10 மீட்டரில், அதாவது 10,000 மி.மீ.-இல் இருந்தால் 0.16 மி.மீ. 20 மீட்டர் என்றால் 0.08 மி.மீ. ஆக, 10 மீட்டரிலிருந்து அடிவானம் வரைக்கும் மொத்த ஃபோகஸ் பயணமே ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குக்கும் கீழேதான். கிரவுண்ட் கிளாஸும் சென்சாரும் 0.05 மி.மீ. வேறுபட்டு உட்கார்ந்தால், கண்ணாடியில் கூர்மையாகப் பார்த்தது கோப்பில் மங்கலாக வரும். அதனால் கிரவுண்ட் கிளாஸைக் காட்சியை அமைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பேக்கின் இருக்கையைச் சரிசெய்தல்

சென்சார் லென்ஸிலிருந்து சரியான தூரத்தில் உட்காருகிறதா என்று பார்ப்பது: ஆரம்பநிலையில் உள்ளவர்கள் தாண்டிப் போய்விடும் படி இதுதான். இதைச் செய்யாமல் தூரம் அளக்கும் லேசர் மீட்டர் வாங்குவது வீண் செலவு.

வெகு தொலைவில், நல்ல கான்ட்ராஸ்ட் உள்ள ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். செல்போன் கோபுரம், உயரக் கட்டடத்தின் ஜன்னல் கம்பிகள் எதுவானாலும் சரி. 40 மி.மீ.-க்கு 200 மீட்டர் தள்ளியிருந்தாலே போதும். 90 மி.மீ. லென்ஸில் செய்வதானால் ஒரு கிலோமீட்டராவது தள்ளிப் போங்கள். காலை வேளை நல்லது. நண்பகல் வெயிலில் தரையிலிருந்து கிளம்பும் அனல் காற்று, தொலைவில் உள்ள எல்லாவற்றையும் நெளிய வைக்கும். அதைப் பார்த்து ஃபோகஸ் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது.

ட்ரைபாடில் கேமராவை வைத்து, ஷிஃப்ட் (லென்ஸையோ பேக்கையோ பக்கவாட்டில் நகர்த்துவது), டில்ட் (லென்ஸைச் சாய்ப்பது) எல்லாவற்றையும் பூஜ்யத்தில் பூட்டுங்கள். லென்ஸை முழுதாகத் திறந்து, லைவ் வியூவை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். இப்போது வளையத்தைத் திருப்பி அந்தப் பொருள் எங்கே மிகக் கூர்மையாகிறது என்று பாருங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

முடிவிலிக் குறியிலேயே கூர்மையானால் வேலை முடிந்தது. குறிக்கு வருவதற்கு முன்பே, உதாரணமாக அளவுகோல் 30 மீட்டர் காட்டும்போதே கூர்மையானால், சென்சார் லென்ஸுக்குச் சற்று அருகில் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். எவ்வளவு அருகில்? 1600-ஐ 30,000-ஆல் வகுங்கள்: சுமார் 0.05 மி.மீ. பேக்குக்கும் கேமராவுக்கும் நடுவிலுள்ள அடாப்டரில் அந்தத் தடிமனுக்கு ஷிம் சேர்க்க வேண்டும். குறியில் நின்ற பிறகும் கூர்மை வரவில்லை என்றால் சென்சார் தூரத்தில் இருக்கிறது, ஷிம்மைக் குறைக்க வேண்டும்.

ஷிம் என்பது மிக மெல்லிய தகடு. ஆல்பா தன் அடாப்டர்களுக்கு இவற்றைத் தொகுப்பாகவே தருகிறது. மாற்றும்போது திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள், ஒரு பக்கம் தூக்கிக்கொண்டால் படத்தின் ஒரு ஓரம் மட்டும் மங்கும். சென்சார் வெளியே திறந்திருக்கும் நேரம் இது, மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

படி 2: தூரத்தை அளத்தல்

இருக்கை சரியானதும் லென்ஸின் தூர அளவுகோலை நம்பலாம். சாதாரண லென்ஸ் வளையத்தில் 5 மீட்டருக்கும் முடிவிலிக்கும் இடையில் விரல் அகலம்கூட இருக்காது. அதற்காகவே ஆல்பா பெரிய ஃபோகஸ் வளையங்கள் தருகிறது. ஆர்கா-ஸ்விஸ் ஆர் வரிசையில் ஃபோகஸ் திருகு கேமராவின் உடலிலேயே இருக்கிறது, அதன் சுற்று மிக நீளம். அதில் தூரத்துக்குப் பதில் எண்கள்தான் இருக்கும், ஒவ்வொரு லென்ஸுக்கும் தனி அட்டவணை பார்க்க வேண்டும்.

அளக்க, கட்டட வேலைக்கு விற்கும் லேசர் மீட்டரே போதும். உச்சி வெயிலில் சிவப்புப் புள்ளி தெரியாது. வெளியில் அதிகம் எடுப்பவர்கள் லைக்கா டிஸ்டோ வரிசையில் சின்னத் திரையில் குறுக்குக் கோடு காட்டும் மாடலைப் பார்க்கலாம். மீட்டரின் பின்விளிம்பிலிருந்து எண் வருகிறதா, முன்விளிம்பிலிருந்தா என்று அதன் அமைப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டியது சென்சார் தளத்திலிருந்து உள்ள தூரம்.

சில சென்டிமீட்டர் வித்தியாசம் பொருட்டா? லென்ஸைப் பொறுத்தது. 3 மீட்டரில், எஃப் 8-இல் 40 மி.மீ. லென்ஸ் முன்னே பின்னே 30 செ.மீ. வரை தாங்கும். அதே இடத்தில் 90 மி.மீ. லென்ஸ் தாங்குவது ஆறேழு செ.மீ. மட்டுமே. அகல லென்ஸில் எல்லாம் சரியாக வந்துகொண்டிருக்க, நீள லென்ஸை மாட்டியதும் தவறிப் போவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

படி 3: லைவ் வியூவில் உறுதி செய்தல்

சிசிடி என்ற பழைய வகை சென்சார் உள்ள பேக்குகளில் லைவ் வியூ பெயரளவுக்குத்தான் இருந்தது. 2014-இல் சிமாஸ் என்ற புதுவகை சென்சாருடன் ஃபேஸ் ஒன்னின் ஐக்யூ250 பேக் வந்த பிறகுதான் இது உண்மையிலேயே பயன்படும் கருவியானது. உங்களிடம் சிசிடி பேக் இருந்தால் ஒரு படம் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்து, திருத்தி, மறுபடி எடுப்பதுதான் வழி.

லேசர் சொன்ன தூரத்தில் வளையத்தை வைத்துவிட்டு, 100 சதவீதத்தில் பாருங்கள். கூர்மை உச்சத்தைத் தாண்டி மங்கும் வரை திருப்பி, அப்புறம் திரும்பி வாருங்கள். திருகில் சிறு தளர்வு இருக்கும் என்பதால் கடைசி அசைவு எப்போதும் ஒரே திசையிலிருந்து வரட்டும். அளவுகோலும் கண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் ஏதோ ஒன்று நகர்ந்திருக்கிறது, படி 1-க்குத் திரும்புங்கள்.

ஃபோகஸ் மாஸ்க் என்ற வசதி, கூர்மையான இடங்களை வண்ணம் பூசிக் காட்டுவதை நான் அதிகம் நம்புவதில்லை. அது கான்ட்ராஸ்டைத்தான் தேடுகிறது. செங்கல் சுவரைச் சற்று மங்கலாக இருந்தாலும் நிரப்பிவிடும், கூர்மையாக இருக்கும் வெள்ளைச் சுவரை விட்டுவிடும்.

ரைஸ் (மேலே நகர்த்துவது) அல்லது ஷிஃப்ட் போட்டிருந்தால், அதைப் போட்ட பிறகே ஃபோகஸ் பாருங்கள். லென்ஸின் ஓரத்தில் ஃபோகஸ் தளம் கொஞ்சம் வளைந்திருக்கலாம்.

படி 4: அப்பர்ச்சர்

எவ்வளவு தூரம் முதல் எவ்வளவு தூரம் வரை கூர்மையாக இருக்கும் என்று சொல்லும் பழைய ஆழ அட்டவணைகள் இங்கே ஏமாற்றும். 0.03 மி.மீ. மங்கல் வட்டத்தை வைத்துக் கணக்கிட்டால், 40 மி.மீ. லென்ஸுக்கு எஃப் 11-இல் ஹைப்பர்ஃபோகல் தூரம் (அங்கே ஃபோகஸ் செய்தால் முடிவிலி வரை கூர்மை கிடைக்கும் மிக அருகிலான தூரம்) ஏறக்குறைய 5 மீட்டர். நம் 7.5 மைக்ரானை வைத்தால் 19 மீட்டருக்கு மேல் போகிறது. லென்ஸின் மேல் பொறித்திருக்கும் ஆழக் குறிகளை மறந்துவிடுங்கள்.

சரி, இன்னும் மூடினால்? எஃப் 11-இலேயே டிஃப்ராக்ஷனால் (சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால்) ஒரு புள்ளி சுமார் 15 மைக்ரான் வட்டமாகிவிடுகிறது. என் தேர்வு எஃப் 8, தேவைப்பட்டால் எஃப் 11. அதற்கு மேல் ஆழம் வேண்டுமானால் ஃபோகஸை மாற்றி இரண்டு மூன்று படங்கள் எடுத்து மென்பொருளில் இணைப்பது மேல். எடுக்கப்போகும் அப்பர்ச்சரிலேயே ஒருமுறை லைவ் வியூவைப் பாருங்கள். சில லென்ஸ்களில் மூடும்போது ஃபோகஸ் சற்று நகரும்.

படி 5: டில்ட், தேவைப்பட்டால் மட்டும்

காலடிப் பாறையிலிருந்து தொலைமலை வரை ஒரே தரைப்பரப்பு கூர்மையாக வேண்டும் என்றால் டில்ட் உதவும். லென்ஸைச் சாய்த்தால் ஃபோகஸ் தளமும் சாயும் என்ற இந்த விதி, ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடர் ஷைம்ஃப்ளுக் 1904-இல் பெற்ற காப்புரிமையில் இருக்கிறது. லென்ஸின் குவியத் தூரத்தை, லென்ஸிலிருந்து தரைக்கு உள்ள உயரத்தால் வகுத்து, 57-ஆல் பெருக்கினால் கோணம் ஏறக்குறைய டிகிரியில் கிடைக்கும். கேமரா 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால் 40 மி.மீ.-க்கு ஒன்றரை டிகிரிதான். புதிதாகச் செய்பவர்கள் ஐந்தாறு டிகிரி சாய்த்துவிட்டு, ஏன் எதுவுமே கூர்மையாக இல்லை என்று தேடுவார்கள்.

ஒன்றரை டிகிரியில் வைத்து, தொலைவை வளையத்தால் கூர்மையாக்குங்கள். பிறகு அருகிலுள்ளதை டில்டால் சரிசெய்யுங்கள். தொலைவு கொஞ்சம் கெடும், மறுபடி வளையம். இரண்டு மூன்று சுற்றில் இரண்டும் நிலைக்கும். டில்ட் போட்டபின் லேசரும் அளவுகோலும் செல்லாது, லைவ் வியூ மட்டுமே. முன்னால் நிற்கும் மரமோ தூணோ இருந்தால் அதன் உச்சி மங்கும், அந்த இடத்தில் டில்டைக் கைவிடுங்கள்.

படம் மங்கலாக வந்தால்

கேப்சர் ஒன் மென்பொருளில் 100 சதவீதத்தில் திறந்து, நினைத்த இடத்துக்கு முன்னும் பின்னும் தேடுங்கள். வேறெங்காவது கூர்மை இருந்தால் அது ஃபோகஸ் பிழை. எங்குமே இல்லை என்றால் பெரும்பாலும் அதிர்வு, ட்ரைபாடையும் காற்றையும் பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் மங்கினால் ஷிம் சீராக உட்காரவில்லை, அல்லது டில்ட் பூஜ்யத்தில் இல்லை. 40 மி.மீ. சரியாக இருந்து 90 மி.மீ. மட்டும் முடிவிலியில் தவறினால் பேக்கைத் தொடாதீர்கள். அந்த லென்ஸின் மவுண்ட்தான் பிழை, அதைச் சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும். வாடகைக்கு வேறு பேக் எடுத்து மாட்டினால், படப்பிடிப்புக்கு முந்தைய நாளே படி 1-ஐ அதற்கும் செய்துவிடுங்கள், உங்கள் ஷிம் உங்கள் பேக்குக்கு மட்டும்தான்.