ரைசன் 5 2600: 4.0 கிகாஹெர்ட்ஸை விட்டு 3.9-இல் நிலைநிறுத்தியது

ஏஎம்டியின் ரைசன் 5 2600 பிராசசரை ஓவர்கிளாக் செய்த, அதாவது இயல்பைவிட வேகமாக ஓட்டிய அனுபவம் இது. பி450 மதர்போர்டு, பிராசசரோடு கூடவே வரும் ஸ்டெல்த் கூலரை மாற்றி 120 மி.மீ. விசிறி உள்ள டவர் கூலர். பழைய கூலரைக் கழற்றும் முன் சிஸ்டத்தைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். அணைத்துவிட்டு லேசாகத் திருகியபடி எடுங்கள். கூலருக்கும் பிராசசருக்கும் நடுவே இருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும்போது நேரே இழுத்தால் பிராசசரே சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், பின்கள் வளையும்.

பயாஸில் (போர்டின் அமைப்புத் திரை) மல்டிபிளையர் 39, அதாவது 3.9 கிகாஹெர்ட்ஸ்; கோர் வோல்டேஜ் 1.30. வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் சோதனை சிக்கலில்லாமல் முடிந்தது. ஆனால் பிராசசருக்கு முழுச் சுமை கொடுக்கும் பிரைம்95-இன் ஸ்மால் எஃப்எஃப்டி சோதனையில் ஒரு வொர்க்கர் (கணக்கீட்டு இழை) ரவுண்டிங் பிழை, அதாவது கணக்குப் பிழை காட்டி நின்றது. சென்சார் அளவுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவைப் பார்த்தால் லோடு ஏறும்போது வோல்டேஜ் 1.25-க்குச் சரிகிறது. இங்கேதான் பலரும் அவசரப்பட்டு வோல்டேஜைக் கூட்டுகிறார்கள். அது வேண்டாம். லோட்‌லைன் கேலிப்ரேஷனை (லோடில் வோல்டேஜ் சரிவதை ஈடுகட்டும் பயாஸ் அமைப்பு) ஆட்டோவிலிருந்து நடு நிலைக்கு மாற்றியதும் 1.29-இல் நின்றது, பிழையும் போயிற்று. உச்ச நிலை வைக்காதீர்கள். லோடு விலகும் கணத்தில் வோல்டேஜ் எகிறும்.

4.0-க்கு 1.40 வோல்ட் கேட்டது. மின்செலவு வேகத்தோடும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறுவதால், 2.5% வேகத்துக்கு ஏறக்குறைய 19% கூடுதல் சூடு. காற்றுக் கூலருக்கு இது கட்டுப்படியாகாது.

இன்னொன்று: ஸ்டெல்த் கீழ்நோக்கி ஊதுவதால் விஆர்எம்முக்கும் (போர்டில் பிராசசருக்கு மின்சாரம் சீராக்கித் தரும் பகுதி) காற்று கிடைத்தது, டவரில் அது இல்லை. மலிவு போர்டுகளில் விஆர்எம் ஹீட்சிங்க் பெயருக்குத்தான் இருக்கும். கேபினெட்டின் பின்பக்க எக்ஸாஸ்ட் விசிறியைக் கட்டாயம் போடுங்கள்.