மோரோவிண்டா, ஸ்கைரிமா? ஒப்பிடும்போது நாம் சறுக்கும் இடங்கள்

எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்ற வீடியோ கேம் வரிசையைப் பற்றிப் பேச்சு எடுத்தால் போதும். ஐந்து நிமிடத்துக்குள் ஒருவர் "மோரோவிண்ட் மாதிரி வருமா" என்று பெருமூச்சு விடுவார். "கண் முன்னால் நிற்கும் எலி மேல் கத்தி படாதே, அந்த கேமையா சொல்கிறீர்கள்" என்று இன்னொருவர் சிரிப்பார். இரண்டு கட்சியிலும் நான் இருந்திருக்கிறேன். ஸ்கைரிமில் தொடங்கிப் பின்னோக்கிப் போனவன் என்பதால் முதலில் பழையதைக் கிண்டல் செய்தேன். அப்புறம் மோரோவிண்ட் பிடிபட்டதும் மதம் மாறியவனைப் போலப் புதியதைத் திட்டினேன். இரண்டு முறையும் நான் செய்தது ஒரே தவறு: பழசிலிருந்து புதுசுக்கு நேராக ஒரு கோடு போட்டு, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தது. மற்ற தவறுகள் எல்லாம் அதன் குட்டிகள்தான்.

கணக்கை 2002இல் தொடங்குவது

மோரோவிண்ட் 2002, ஒப்லிவியன் 2006, ஸ்கைரிம் 2011. இந்த மூன்றை மட்டும் வரிசையாக வைத்தால் ஒரு கதை தானாக உருவாகிவிடும்: கடினமாக இருந்தது, எளிதாகிக்கொண்டே வந்தது. ஆனால் வரிசை தொடங்கியது 1994இல், அரீனாவோடு. 1996இல் டாகர்ஃபால். அவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கதை நிற்காது.

ஃபாஸ்ட் டிராவலையே எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் ஊரைத் தொட்டால் அங்கே போய் நிற்பது ஒப்லிவியன் கொண்டுவந்த சோம்பேறித்தனம் என்று பலர் நினைக்கிறார்கள். டாகர்ஃபாலில் அது ஏற்கெனவே இருந்தது. நிதானமாகப் போவதா, விரைந்து போவதா, சத்திரத்தில் தங்குவதா, வெட்டவெளியில் படுப்பதா என்றெல்லாம் தேர்ந்தெடுக்கலாம். இல்லாமலும் முடியாது, ஏனென்றால் அந்த உலகத்தில் ஊர்களும் கோயில்களும் பாதாள அறைகளுமாக 15,000க்கு மேற்பட்ட இடங்கள் இருந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை கணினி விதிகளை வைத்துத் தானாக அடுக்கியவை. உலகத்தைச் சுருக்கிக் கையால் செதுக்கிய மோரோவிண்டில்தான் நடக்க வைப்பதில் அர்த்தம் வந்தது. அங்கேகூட சில்ட் ஸ்ட்ரைடர் என்ற பூதப் பூச்சி, படகு, மேஜஸ் கில்டு என்ற மந்திரவாதிகள் சங்கத்தின் டெலிபோர்ட் (நொடியில் ஊர் மாற்றும் வசதி), ஒரு இடத்தைக் குறித்துவைத்து மந்திரத்தால் திரும்பிவருவது என்று வசதிகள் ஏராளம். மோரோவிண்ட் பழைய மரபைக் காப்பாற்றிய கேம் இல்லை. மரபை உடைத்த கேம்.

ஸ்கைரிமின் ரேடியன்ட் குவெஸ்ட்களுக்கும் இதே கதைதான். அச்சில் வார்த்த மாதிரி "அந்தக் குகைக்குப் போ, இன்னாரைக் கொல்" என்று முடிவில்லாமல் வரும் வேலைகளைப் புதிய காலத்துச் சோம்பல் என்கிறோம். டாகர்ஃபாலின் கில்டுகள் கொடுத்த வேலைகளில் பெரும்பாலானவை அப்படி வார்ப்பில் ஊற்றியவைதான். ஆள் பெயரும் இடமும் மட்டும் மாறும், கூடவே நாள் கெடுவும் உண்டு. பிடிக்கவில்லை என்றால் தாராளமாகத் திட்டலாம். புதியது என்பதற்காகத் திட்டக்கூடாது, அவ்வளவுதான்.

எண்ணிப் பார்த்து ஆழம் சொல்வது

டாகர்ஃபாலில் 35 ஸ்கில்கள், மோரோவிண்டில் 27, ஒப்லிவியனில் 21, ஸ்கைரிமில் 18. இந்த நான்கு எண்களையும் அடுக்கிவிட்டு "பார்த்தீர்களா!" என்று கையைத் தட்டிக்கொள்பவர்கள் உண்டு. எண்கள் சரி, முடிவுதான் அவசரம்.

அந்த 35இல் ஒன்பது, மொழிகள். டிராகன் மொழி, ராட்சதர் மொழி, குதிரை உடல் மனிதர்களின் மொழி. கேட்க அருமையாக இருக்கும். நடைமுறையில் அந்த உயிரினம் உங்களைத் தாக்காமல் விடும் வாய்ப்பு கொஞ்சம் கூடும், அதோடு சரி. ஒரு ராட்சதனோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேச முடியாது. அதே சமயம் மோரோவிண்டிலிருந்து ஒப்லிவியனுக்கு வரும்போது உதிர்ந்த ஆறும் ஒரே தரத்தவை இல்லை. நீள வாளும் குட்டை வாளும் ஒன்றானதில் பெரிய நஷ்டம் கிடையாது. ஈட்டி காணாமல் போனது நஷ்டம்தான். கோடரியை எடுத்து மழுங்கிய ஆயுதங்களோடு சேர்த்ததற்கு என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஸ்கைரிம் வேறொரு திசையில் போனது. வலிமை, அறிவு, வேகம் என்று இருந்த எட்டு அடிப்படைப் பண்புகளையும் தூக்கிவிட்டு ஹெல்த் (உயிர்), மேஜிக்கா (மந்திர சக்தி), ஸ்டாமினா (தெம்பு) மூன்றோடு நிறுத்திக்கொண்டது. பதிலுக்கு 18 ஸ்கில்களுக்குள் 251 பெர்க்குகளை, அதாவது நாமே தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறன்களை வைத்தது. மோரோவிண்டில் உங்கள் ஆளின் குணம் முதல் பத்து நிமிடத்தில், வகுப்பை (போர்வீரன், திருடன், மந்திரவாதி மாதிரி) தேர்ந்தெடுக்கும்போதே பெருமளவு தீர்மானமாகிவிடும். ஸ்கைரிமில் அது முப்பதாவது மணி நேரத்தில்தான் உருவாகும். எதில் தேர்வு அதிகம் என்று கேட்பதைவிட, தேர்வு எந்த நேரத்தில் வருகிறது என்று கேட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

உண்மையான நஷ்டம் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், நான் ஸ்கில் எண்ணிக்கையைச் சொல்ல மாட்டேன். சொந்தமாக மந்திரம் செய்யும் வசதியைச் சொல்வேன். ஒப்லிவியன் வரை இருந்த அது ஸ்கைரிமில் அறவே இல்லை. அதற்கு ஈடாக எதுவும் வரவும் இல்லை.

முதல் ஒரு மணி நேரத்தை வைத்துத் தீர்ப்பு

மோரோவிண்ட் சண்டையைப் பற்றிய கிண்டல்களில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது. நடப்பது இதுதான். செய்தா நீன் ஊரில் கப்பலிலிருந்து இறங்குகிறீர்கள். அலுவலகத்து மேசை மேல் ஒரு இரும்புக் குத்துவாள் கிடக்கிறது, எடுத்துக்கொள்கிறீர்கள். நடை ஆமை வேகம் என்பதால் எங்கும் ஓடுகிறீர்கள். ஓடி முடித்த இடத்தில் ஒரு எலி. பத்து முறை குத்தினால் எட்டு முறை படவில்லை. "கேமே உடைந்திருக்கிறது."

உடையவில்லை, திரைக்குப் பின்னால் பகடை உருள்கிறது. உங்கள் ஆயுத ஸ்கில், அதோடு அஜிலிட்டியில் (சுறுசுறுப்பு) ஐந்தில் ஒரு பங்கு, லக்கில் (அதிர்ஷ்டம்) பத்தில் ஒரு பங்கு. இந்தக் கூட்டுத்தொகையை உங்கள் களைப்பு பெருக்குகிறது: தெம்பு முழுசாக இருந்தால் 1.25ஆல், வற்றியிருந்தால் 0.75ஆல். குத்துவாள் உங்கள் வகுப்புக்குச் சம்பந்தமில்லாத ஆயுதம் என்றால் அந்த ஸ்கில் 5 அளவில்தான் இருக்கும். அஜிலிட்டியும் லக்கும் 40 என்று வைத்தால் கூட்டுத்தொகை 17. ஓடிக் களைத்த பிறகு அது 13 சதவீதம்கூட இல்லை. எதிரி விலகிக்கொள்ளும் திறமையை இன்னும் கழிக்கவில்லை. அதே ஆள், ஸ்கில் 40 உள்ள ஆயுதத்தோடு, மூச்சு வாங்காமல் நின்று அடித்தால் 65 சதவீதம். முதல் எலிக்கும் இரண்டாம் எலிக்கும் நடுவில் கேம் மாறவில்லை.

இதைச் சொல்லிவிட்டு "அதனால் மோரோவிண்ட் சண்டை அற்புதம்" என்று முடிப்பதும் தவறு. கத்தி எதிரியின் உடலுக்குள் புகுந்து வெளியே வருவது கண்ணுக்குத் தெரிகிறது. கேமோ படவில்லை என்கிறது. பகடை உருளும் சத்தம் கேட்டிருந்தால், அல்லது எதிரி விலகுவதாவது தெரிந்திருந்தால் மனசு ஏற்றுக்கொண்டிருக்கும். விதியில் குறை இல்லை, காட்டிய விதத்தில் இருந்தது. ஒப்லிவியனில் அடித்தால் பட்டுவிடும். ஸ்கில் எவ்வளவு என்பது காயத்தின் அளவில் தெரியும்.

அதேபோல ஸ்கைரிமின் முதல் ஒரு மணி நேரமும் ஏமாற்றும், எதிர்த் திசையில். டிராகன், தப்பி ஓட்டம், மலைச்சரிவு, இசை. அந்த வேகத்தை வைத்து 80 மணி நேரத்தையும் எடை போட்டால் கணக்கு உதைக்கும்.

ஒரு விதியைப் பிடுங்கித் தனியாக ஒப்பிடுவது

ஒப்லிவியனின் லெவல் ஏற்றத்தைத் திட்டாதவர் இல்லை. முக்கிய ஸ்கில்கள் சேர்ந்து பத்துப் படி ஏறியதும் தூங்கி எழுந்தால் லெவல் ஏறும். எந்தெந்த ஸ்கில்லை எவ்வளவு பழகினீர்கள் என்பதைப் பொறுத்து ஒரு பண்புக்கு ஐந்து வரை கூட்டிக்கொள்ளலாம். இதற்காகவே தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு ஆடியவர்கள் உண்டு. வேடிக்கை என்னவென்றால், இந்த விதி மோரோவிண்டிலும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அங்கே யாரும் அவ்வளவாகப் புலம்பவில்லை.

காரணம் விதிக்கு வெளியே இருக்கிறது. மோரோவிண்டிலும் உங்கள் லெவலைப் பார்த்து உயிரினங்கள் மாறுவது உண்டு. ஆனால் கையால் வைத்த ஆட்களும் பொருட்களும் நிறைய என்பதால், கோணல்மாணலாக வளர்ந்த ஆளும் ஒரு கட்டத்தில் உலகத்தை முந்திவிடுவான். ஒப்லிவியனில் உலகம் கூடவே வளர்ந்தது. வழிப்பறித் திருடன்கூட விலை உயர்ந்த கண்ணாடிக் கவசத்தோடு வந்து நின்றான். அங்கே கோணலாக வளர்வது தண்டனை ஆனது. ஸ்கைரிம் இடத்துக்கு இடம் கீழ் வரம்பும் மேல் வரம்பும் வைத்து ஓரளவு சமாளித்தது. ஆக, "லெவல் ஸ்கேலிங் (உங்கள் லெவலோடு உலகமும் வளர்வது) இருக்கிறதா இல்லையா" என்ற கேள்வியே பிசகு. எல்லாவற்றிலும் இருக்கிறது, எவ்வளவு என்பதுதான் விஷயம்.

போக வேண்டிய இடத்தை அம்பால் காட்டும் குவெஸ்ட் மார்க்கரிலும் இப்படி ஒரு கண்ணி உண்டு. "மார்க்கர் பிடிக்கவில்லையா, ஸ்கைரிமில் அணைத்துவிட்டு ஆடுங்கள், மோரோவிண்ட் கிடைத்துவிடும்" என்பார்கள். நான் அணைத்துப் பார்த்தேன். கிடைக்காது. மோரோவிண்டில் வேலை கொடுப்பவர் வழியையும் வாயால் சொல்வார்: பாலத்தைத் தாண்டு, ஆற்றோரமாக வடக்கே போ, பாறையில் பிரியும் பாதையைப் பிடி. ஸ்கைரிமில் பெரும்பாலான வசனங்கள் இடத்தின் பெயரோடு நின்றுவிடும். அம்பு காட்டும் என்ற நம்பிக்கையில் எழுதியவை. அம்பை எடுத்துவிட்டால் வழிக்கு வேறு துணை இல்லை. முழு வசனத்துக்கும் குரல் கொடுக்க ஆரம்பித்த பிறகு நீளமான வழி விவரங்கள் மெலிந்ததில் ஆச்சரியமும் இல்லை.

சரி, பழைய முறையில் எல்லாம் சுகமா? ஆர்க்ந்தாண்ட் என்ற இடிபாட்டில் ஒரு சின்னப் பெட்டியைத் தேடச் சொல்லும் ஆரம்பக் குவெஸ்ட் ஒன்று இருக்கிறது. உள்ளே போகும் கதவைத் திறக்கும் திருகுப்பிடி வெளியே குழாயில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மாலை முழுதும் போனது. உள்ளே போன பிறகு அலமாரியில் அந்தப் பெட்டியைத் தேடியது தனிக் கதை.

எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் பேசுவது

இன்று மோரோவிண்ட் ஆடுபவர்களில் பலர் மோட்களோடுதான் (ரசிகர்கள் செய்து சேர்த்த மாற்றங்கள்) ஆடுகிறார்கள். ஓப்பன்எம்டபிள்யூ என்ற புது எஞ்சினில் (கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருள்) ஓட்டுபவர்களும் உண்டு. அதில் தூரம்வரை தெரியும்படி வைத்தால் காட்சி அள்ளும். ஆனால் 2002இல் கண்ணுக்கு எட்டியது கொஞ்சம், மிச்சம் மூடுபனி. அந்தப் பனியால்தான் தீவு பெரிதாகத் தெரிந்தது. பனி விலகினால் ஊர்கள் எவ்வளவு பக்கம் பக்கமாக இருக்கின்றன என்பது தெரிந்துவிடும். "மோரோவிண்ட் உலகம் சின்னது" என்பவரும் "முடிவே இல்லாதது" என்பவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், ஆனால் வெவ்வேறு கேமைப் பற்றி.

கேமுக்குள் வேலைகளைக் குறித்துவைக்கும் டயரியும் அப்படித்தான். முதலில் வெளியான மோரோவிண்டில் குறிப்புகள் நாள் வரிசையில் மட்டும் குவியும். பத்து வேலை சேர்ந்தால் எதையும் தேட முடியாது. குவெஸ்ட் வாரியாகப் பிரித்துக் காட்டும் வசதி டிரிப்யூனல் விரிவாக்கத்தோடு வந்தது. "டயரி நன்றாகத்தானே இருக்கிறது" என்பவர் அதற்குப் பிந்தைய பதிப்பை ஆடியவர்.

இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது 2025 ஏப்ரலில் வந்த ஒப்லிவியன் ரீமாஸ்டர், அதாவது புதுப்பித்த மறுவெளியீடு. உள்ளே பழைய எஞ்சின்தான் ஓடுகிறது, மேலே படம் வரைவது அன்ரியல் எஞ்சின் 5. ஆனால் வெறும் மேல்பூச்சு இல்லை. வேகமாக ஓடும் வசதியைச் சேர்த்தார்கள். லெவல் ஏற்றத்தை மாற்றி, ஒவ்வொரு முறையும் 12 புள்ளிகளை நீங்களே பண்புகளுக்குப் பங்கிடும்படி செய்தார்கள். இதை மட்டும் ஆடிவிட்டு "2006இல் எதற்கு அவ்வளவு புலம்பினார்கள்" என்று கேட்பது நியாயமில்லை. அந்தத் தாளும் பேனாவும் தேவைப்படாத பதிப்பு இது.

விற்பனை எண்ணிக்கையையும் விமர்சன மதிப்பெண்ணையும் காட்டி ஒன்றை மற்றொன்றால் அடிப்பதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஸ்கைரிம் எத்தனையோ கருவிகளில் மறுபடி மறுபடி வெளியானது. மோரோவிண்ட் வந்தது கணினியிலும் முதல் எக்ஸ்பாக்ஸிலும். "பழைய ஆட்கள் போய்விட்டார்கள், அதனால்தான் தரம் போச்சு" என்ற வாதமும் ஒப்லிவியன் விஷயத்தில் நிற்காது. மோரோவிண்டுக்கும் ஒப்லிவியனுக்கும் தலைமை வடிவமைப்பாளர் ஒருவரே, கென் ரோல்ஸ்டன்.

பின்னே எப்படித்தான் ஒப்பிடுவது? நான் இப்போது முழு கேமை விட்டுவிட்டு, மூன்றிலும் உள்ள ஒரே மாதிரியான ஒன்றை எடுத்துப் பார்க்கிறேன். மந்திரவாதிகளின் கூட்டம் இதற்குத் தோதானது. மோரோவிண்டின் மேஜஸ் கில்டில் உச்சப் பதவிக்கு வர ஒரு மந்திர ஸ்கில்லாவது 90ஐத் தொட வேண்டும். தகுதி இல்லாவிட்டால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் வேலைகள் என்னவோ காளான் பறித்து வா, பூப்பறித்து வா என்றுதான் ஆரம்பிக்கும். ஒப்லிவியனில் பல்கலைக்குள் நுழைய ஏழு ஊர்களின் கிளைகளிடம் பரிந்துரை வாங்க வேண்டும். ஒவ்வொரு பரிந்துரைக்கும் பின்னால் ஒரு குட்டிக் கதை, சிலது சிரிப்பு, சிலது திகில். ஸ்கில் பரீட்சை மட்டும் போய்விட்டது. ஸ்கைரிமின் விண்டர்ஹோல்ட் மந்திரக் கல்லூரியில் கதை விறுவிறுவென்று ஓடும். கோடரியை வீசிக்கொண்டே போய், விரல் விட்டு எண்ணக்கூடிய மந்திரங்களோடு ஆர்ச்மேஜ் (தலைமை மந்திரவாதி) அங்கியை வாங்கிவிடலாம். நான் அப்படித்தான் வாங்கினேன், அதுவும் மந்திரமே தெரியாத ஓர் ஓர்க் இனத்தானாக.