300 மி.மீ. லென்ஸும் நீலகிரிப் பறவைகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பறவைப் படம் எடுக்க 600 மி.மீ. லென்ஸ் வேண்டும் என்று யாரோ சொல்ல, அதன் விலையைக் கேட்டதும் கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டவர்கள் நம்மில் நிறையப் பேர். கையில் இருப்பது கேமராவோடு சேர்த்து வாங்கிய 55-250 மி.மீ. லென்ஸ், அல்லது ஒரு 70-300. குன்னூரிலோ கோத்தகிரியிலோ நாலு நாள் தங்கப் போகிறோம், இந்த லென்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்று ஒரு தயக்கம். நிறையச் செய்யலாம். ஆனால் பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்கள் எடுக்கும் அதே படத்தை இதிலும் எடுக்கப் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். குட்டை லென்ஸில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி இந்த ஓர் இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

பறவையை நோக்கி நேராக நடப்பது

லென்ஸில் குறைவதைக் காலால் ஈடுகட்டிவிடலாம் என்று தோன்றும். கணக்கும் அதற்குத் தோதாகத்தான் இருக்கிறது. 12 செ.மீ. நீளமுள்ள ஓர் ஈப்பிடிப்பானை 300 மி.மீ. லென்ஸால் 5 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால், நம்மில் பலரிடம் இருக்கும் கேமராக்களின் ஏ.பி.எஸ்.-சி அளவு சென்சாரில் (படம் பதியும் தகட்டில்) அதன் உருவம் சுமார் 7 மி.மீ. வரும். பிரேமின் உயரத்தில் கிட்டத்தட்டப் பாதி அது. 10 மீட்டர் தள்ளிப் போனால் அதிலும் பாதியாகிவிடும். அதாவது 10 மீட்டரில் 600 மி.மீ. லென்ஸ் தருவதை 5 மீட்டரில் நம் 300 தந்துவிடும். ஆக, நமக்கும் அந்தப் படத்துக்கும் நடுவில் நிற்பது ஐந்து மீட்டர்.

சிக்கல் என்னவென்றால், அந்த ஐந்து மீட்டரை நாம் நடந்து கடக்கப் பறவை விடாது. தேயிலைத் தோட்டத்து வேலிக் கம்பத்தில் புதர்ச்சிட்டு உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். நாம் ரோட்டில் நிற்கும்வரை அது தன் பாட்டுக்கு வாலை ஆட்டிக்கொண்டு கீழே புழு பூச்சி தேடும். கேமராவைக் கண்ணில் வைத்தபடி அதை நோக்கி நாலு அடி எடுத்து வைத்ததும் தேடுவது நின்றுவிடும். உடம்பு ஒடுங்கும், கழுத்து நீளும். பல பறவைகள் பறப்பதற்குச் சற்று முன் எச்சமிடும். இதெல்லாம் தெரிந்த பிறகும் இன்னும் ஓர் அடி வைப்பதுதான் தவறு. அப்படிக் கிடைக்கும் படத்தில் பறவை பயந்த பறவையாகத்தான் இருக்கும்; பெரும்பாலும் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கும்.

நடப்பதற்குப் பதில் இடம் பிடியுங்கள். ஈப்பிடிப்பான், புதர்ச்சிட்டு, கீச்சான் எல்லாம் ஒரே கிளைக்கோ கம்பத்துக்கோ திரும்பத் திரும்ப வரும் பழக்கமுள்ளவை. ஒரு பத்து நிமிடம் தள்ளி நின்று பார்த்தாலே எந்தக் கம்பம் என்பது தெரிந்துவிடும். பறவை வேறு பக்கம் போயிருக்கும் நேரத்தில் அந்தக் கம்பத்திலிருந்து ஆறேழு மீட்டர் தள்ளி, ஒரு சில்வர் ஓக் மரத்தடியிலோ மண்மேட்டை ஒட்டியோ உட்கார்ந்துகொள்ளுங்கள். நிற்க வேண்டாம், உட்காருங்கள். மனிதன் நிற்கும் உருவம் பறவைக்குத் தனிக் கலக்கம். முதல் தடவை அது திரும்பி வரும்போது கேமராவைத் தூக்காமல் விட்டுவிடுவது நல்லது. நம்மைப் பார்த்துவிட்டு, இது ஒன்றும் செய்யாது என்று அது முடிவு செய்து மறுபடி வந்தால், அப்புறம் அதுவே தரும் படங்கள் ஏராளம்.

சோலையோரம், அதாவது மலை மடிப்புகளில் வளரும் அடர்ந்த குட்டைக் காட்டின் ஓரம், இதற்கு இன்னும் தோதான இடம். கருப்பும் ஆரஞ்சும் கலந்த அந்தச் சின்ன ஈப்பிடிப்பான், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை, மர உச்சிக்குப் போவதே அரிது. முழங்கால் உயரத்தில் ஒரு பாசி படிந்த குச்சியில் உட்காரும். தலையைச் சாய்த்துக் கீழே உதிர்ந்த இலைகளைப் பார்க்கும். சட்டென்று இறங்கி எதையோ கொத்திக்கொண்டு பக்கத்துக் குச்சிக்கு ஏறும். சோலையை ஒட்டிப் போகும் பாதையில் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு அது மூன்று நாலு மீட்டருக்குள் வரும். இந்த மாதிரிச் சமயத்தில் கனமான பெரிய லென்ஸைத் திருப்பி ஃபோகஸ் பிடிப்பதற்குள் பறவை போய்விடும். சில பெரிய லென்ஸ்களுக்கு அவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸே வராது. குட்டை லென்ஸுக்கென்றே அமைந்த பறவை என்று இதைச் சொல்வேன்.

மனிதர்களுக்குப் பழகிய இடங்களையும் விட்டுவிடாதீர்கள். குன்னூர் சிம்ஸ் பூங்கா, ஊட்டி தாவரவியல் பூங்கா, கொடைக்கானல் பிரையண்ட் பூங்கா போன்ற இடங்களில் பறவைகள் ஆள் நடமாட்டத்தைப் பார்த்துப் பழகியவை. காலையில் கூட்டம் வருவதற்கு முன்பே போய்விட்டால் செம்மீசைச் சின்னானும் வெள்ளைக்கண்ணியும் பட்டாணிக் குருவியும் கைக்கெட்டும் தூரத்தில் இரை தேடும். காருக்குள் இருந்து எடுப்பதும் நல்ல வழி. வண்டியைக் கண்டு ஓடாத பறவை அதன் கதவு திறந்ததும் ஓடும். இன்ஜினை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கி, ஒரு துணி மூட்டையில் லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள்.

மரத்தை அண்ணாந்து பார்த்து எடுப்பது

சமவெளியிலிருந்து வருபவர்கள் மலையிலும் இதே பழக்கத்தைத் தொடர்கிறார்கள். தலைக்கு மேலே பதினைந்து மீட்டரில் இருக்கும் குருவியின் வயிற்றை, வெளுத்த வானத்தின் பின்னணியில், 300 மி.மீ. லென்ஸால் எடுத்தால் கரும்புள்ளிதான் கிடைக்கும்.

மலை நமக்குத் தரும் பெரிய வசதி சரிவு. கோத்தகிரி ரோட்டிலோ கொடைக்கானலில் சரிவை ஒட்டிப் போகும் பாதைகளிலோ நின்றால், கீழ்ச்சரிவில் வளர்ந்த மரத்தின் உச்சி நம் கண்ணுக்கு நேராக வரும். மர உச்சியில் திரியும் பறவை நமக்கு எதிரே, அதன் கண் மட்டத்தில், தொலைவில் உள்ள அடுத்த மலையின் நீலப் பச்சையைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும். நீலகிரி ஈப்பிடிப்பான் சோலையோரத்துத் திறந்த கிளை நுனிகளில் உட்கார விரும்பும் பறவை. இப்படி ஒரு சரிவில் அதை எடுக்கும்போது லென்ஸின் குட்டைத்தனம் படத்தில் உறைக்கவே உறைக்காது. பழம் பழுத்த மரமோ பூத்த மரமோ சரிவில் இருந்தால் இன்னும் நல்லது. அங்கே வேலை செய்பவர்களிடம் எந்த மரத்தில் பழம் பழுத்திருக்கிறது என்று கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும். தவிட்டுப் பழம் பழுக்கும் காலத்தில் நீலகிரிச் சிரிப்பான்கள் அந்தப் புதர்களைத் தேடி வரும்.

அப்புறம் கிராப் செய்துகொள்ளலாம் (ஓரங்களை வெட்டிக்கொள்ளலாம்) என்ற நம்பிக்கை

24 மெகாபிக்சல் கேமராவில் படம் 6000-க்கு 4000 பிக்சல். நீளத்திலும் உயரத்திலும் பாதியாக வெட்டினால் மிஞ்சுவது 3000-க்கு 2000, அதாவது 6 மெகாபிக்சல். போனில் பார்க்கவும், ஓரளவு ஏ4 அளவில் அச்சிடவும் இது போதும். மறுபடி பாதியாக வெட்டினால் ஒன்றரை மெகாபிக்சல்தான். அதில் இறகு தெரியாது, பறவையின் வடிவம்தான் தெரியும். ஒரு தடவை பாதியாக்குவது வரை சரி, அதற்கு மேல் வெட்ட வேண்டி வந்தால் அந்தப் படத்தை வேறு மாதிரி எடுத்திருக்க வேண்டும் என்பது என் அளவுகோல்.

இதில் பலர் கவனிக்காதது, வெட்டும்போது நடுக்கமும் சேர்ந்தே பெரிதாகிறது என்பது. லென்ஸ் குட்டைதானே, ஷட்டர் வேகம் 1/200 நொடி போதும் என்று எடுத்துவிடுகிறார்கள். ஏ.பி.எஸ்.-சி கேமராவில் 300 மி.மீ. லென்ஸுக்குக் கை நடுக்கம் தெரியாமல் இருக்க 1/450 வாக்கில் வேண்டும். பாதியாக வெட்டப் போகிறோம் என்றால் 1/900. ஆகவே வெளிச்சம் இருக்கும் இடத்தில் 1/1000-ஐ வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸில் இருக்கும் நடுக்கத் தடுப்பு நம் கையைத்தான் பிடித்து நிறுத்தும், குருவியின் தலையை அல்ல. சோலை நிழலில் 1/1000 கிடைக்காது. அங்கே கேமராவை முழங்காலில் ஊன்றி 1/250 வரை இறங்கலாம். பறவை தலையைத் திருப்பி ஒரு கணம் நிற்கும்போது நாலைந்து படம் தொடர்ச்சியாக எடுத்தால் ஒன்றாவது கூர்மையாக வரும். வெளிச்சம் குறைந்தால் கூட்டும் ஐ.எஸ்.ஓ. அளவை 1600, 3200 என்று ஏற்றுவதற்குப் பயப்பட வேண்டாம். இருட்டாக எடுத்துவிட்டுக் கணினியில் வெளிச்சம் கூட்டினால் வரும் புள்ளிகள், முதலிலேயே ஐ.எஸ்.ஓ. கூட்டி எடுத்ததில் வருவதைவிடப் பெரும்பாலும் மோசமாக இருக்கும்.

லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் பொருத்தி உருவத்தைப் பெரிதாக்கும் டெலிகன்வெர்டர் வாங்கிச் சேர்க்கலாமே என்ற கேள்வி அடிக்கடி வரும். இந்த வகை ஜூம் லென்ஸ்களில் பலவற்றுக்கு அது பொருந்தவே பொருந்தாது. பொருந்தினாலும் 1.4 மடங்கு ஒரு ஸ்டாப் (அதாவது பாதி) வெளிச்சத்தையும், 2 மடங்கு இரண்டு ஸ்டாப்பையும் தின்றுவிடும். திறப்பு எஃப்/5.6-க்கு மேல் விரியாத லென்ஸோடு சோலைக்குள் அதைப் பயன்படுத்த முடியாது. அந்தக் காசில் மலைக்கு இன்னொரு தடவை வரலாம்.

மூடுபனி வந்தால் கேமராவை மூடிவிடுவது

மூடுபனியில் தொல்லைப்பட வேண்டியவர்கள் பெரிய லென்ஸ்காரர்கள்தான். இருபத்தைந்து மீட்டர் பனிக்கு ஊடாக எடுத்த பறவை சாயம் போன துணி மாதிரிதான் வரும். ஐந்தாறு மீட்டரில் எடுக்கும் நமக்கு நடுவில் இருக்கும் பனி குறைவு. பறவையின் நிறம் அப்படியே நிற்கும், பின்னால் இருக்கும் கற்பூர மரங்கள் (யூகலிப்டஸ்) மட்டும் மங்கி வெளுக்கும். இவ்வளவு சுத்தமான பின்னணி வெயில் நாளில் கிடைக்காது.

தவறு நடப்பது எக்ஸ்போஷரில், அதாவது படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதில். பிரேமின் பெரும்பகுதி வெள்ளையாக இருந்தால் கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும், பறவை கறுத்துப் போகும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டி வையுங்கள், வெயில் வந்ததும் மறக்காமல் இறக்குங்கள். பனியில் ஃபோகஸ் தேடித் தேடி அலையும் என்பதால் பல புள்ளி ஃபோகஸை விட்டு ஒற்றைப் புள்ளியில் பறவையின் கண்ணைப் பிடியுங்கள். இன்னொன்று: குளிரிலிருந்து ஹீட்டர் போட்ட அறைக்குள் நுழைந்தாலோ, ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கினாலோ உடனே பையைத் திறக்க வேண்டாம். குளிர்ந்த லென்ஸில் நீராவி படியும். அரை மணி நேரம் பை மூடியே இருக்கட்டும்.

கூட்டைத் தேடிப் போவது

கிட்டத்தில் படம் வேண்டும், பறவை ஓடக்கூடாது என்றால் சுலபமான வழி கூடு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். குட்டை லென்ஸ்காரர்களுக்கு இந்த ஆசை கூடுதலாகவே வரும், அதனால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். தயவுசெய்து வேண்டாம். தாய்ப் பறவை கூட்டை விட்டு விலகி இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மலைக் குளிரில் முட்டை ஆறுகிறது. நாம் விலக்கிய இலையும் ஒடித்த குச்சியும் காக்கைக்கு வழி காட்டுகின்றன. நீலகிரிச் சிரிப்பானும் நீலகிரி சோலைக்கிளியும் அழியும் அபாயத்தில் உள்ள பறவைகள். நீலகிரியின் சோலைகளும் அதை ஒட்டிய சில மலைகளும்தான் அவற்றுக்கு வீடு. ஒரு கூடு போனால் அந்த ஜோடியின் அந்த ஆண்டே போகலாம். சட்டமும் இதைச் சும்மா விடவில்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்பதற்குத் தரப்பட்டுள்ள விளக்கத்திலேயே காட்டுப் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வதும் அடங்கும்.

போனில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் இதே ரகம்தான். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று இரை தேடுவதை விட்டுவிட்டு ஓடி வரும் பறவையைத்தான் அப்படி எடுக்கிறோம். சிப்ஸும் பிஸ்கட்டும் போட்டு அழைப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நம் பாதுகாப்பையும் கவனிக்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமலும், எஸ்டேட்டுக்குள் கேட்காமலும் நுழையாதீர்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைக்குள் காட்டுமாடும் கரடியும் சர்வசாதாரணம். ஒரு கண்ணை மூடி இன்னொரு கண்ணைக் கேமராவில் வைத்து உட்கார்ந்திருப்பவருக்கு முதுகுப்பக்கம் நடப்பது தெரியாது. தனியாகப் போகாமல் உள்ளூர்க்காரர் ஒருவரோடு போங்கள். அதிகாலையிலும் அந்தியிலும் இன்னும் கவனம் வேண்டும்.

பறவை சிறிதாக வந்த படத்தை அழித்துவிடுவது

நீலகிரி நெட்டைக்காலி உயர்ந்த புல்வெளிகளில் வாழும் பறவை. சீகை மரமும் (வாட்டில்) கற்பூர மரமும் தேயிலையும் பெருகியதில் அந்தப் புல்வெளிகள் பெரிதும் சுருங்கிவிட்டன. பிரேம் முழுக்க அந்தப் பறவை நிறைந்திருக்கும் படத்தை யாரோ எங்கோ எடுத்திருப்பார்கள். புல் கற்றைகளுக்கு நடுவே அது ஒரு பாறையில் நிற்க, பின்னால் சரிவும் சரிவின் மடிப்பில் சோலையும் தெரியும் படத்தை அதே இடத்தில் நின்று எடுக்க குட்டை லென்ஸ்தான் தோது. அப்படி எடுக்கும்போது எஃப்/8 வைத்து, பறவையைப் பிரேமின் நடுவில் வைக்காமல் அது பார்க்கும் பக்கம் இடம் விட்டு, பின்னால் குறுக்கே ஓடும் கம்பியும் வெளுத்த வானத் துண்டும் இல்லாதபடி ஓர் அடி நகர்ந்து பாருங்கள்.

பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையதளத்தில், பார்த்த பறவைகளின் பட்டியலோடு படத்தையும் ஏற்றலாம். பறவை எதுவென்று அடையாளம் தெரிந்தால் அங்கே போதும், சிறிதாக இருப்பது குறையே இல்லை. தேதியும் இடமும் சரியாக இருக்கட்டும். கிராப் செய்த பிரதியோடு முழுப் பிரேமையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் புல்லில், எந்தச் சரிவில் அந்தப் பறவை இருந்தது என்பது அதில்தான் இருக்கும்.