எட்டு நிமிடப் பேச்சுக்குக் குறிப்பு எழுதுவது எப்படி

கருவூலத்தில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வீடு மேலூரில். பக்கத்துத் தொகுதியில் ஜெயித்து வந்த பெண் என் தங்கையோடு படித்தவள். ஒருநாள் வந்து, "அக்கா, ஆதிதிராவிடர் பழங்குடியினர் நலத்துறை மானியக் கோரிக்கையில பேச எட்டு நிமிஷம் குடுத்திருக்காங்க. கணக்கை மட்டும் நீங்க பாத்துத் தாங்க" என்றாள். ஆளிருந்தால் நான் அவளை எம்.எல்.ஏம்மா என்பேன், அடுக்களையில் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். நாலு வருஷம் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். இப்போது இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள், அதில் ஒருத்தி ஒன்றியக் கவுன்சிலராக இருந்தவள். ஆளுக்கு ஒரு தடவை சொல்வதற்கு எழுதியே வைத்துவிடலாமே என்றுதான் இது.

முதலில் கோரிக்கைப் புத்தகத்தை எடுங்கள். ஒரு துறை வரும் வருஷச் செலவுக்குப் பேரவையிடம் கேட்கும் பணத்தின் கணக்கு அது. இந்தத் துறைக்குக் கோரிக்கை எண் 4. நிதித்துறையின் இணையதளத்திலேயே கிடைக்கும். கூடவே கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒன்று தருவார்கள். படம், சாதனை எல்லாம் அதில் இருக்கும். வழுவழு தாளில் இருப்பதால் எல்லாரும் அதைத்தான் புரட்டுகிறார்கள். நீங்கள் கோரிக்கைப் புத்தகத்தில் உட்காருங்கள்.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே நாலு பத்தி இருக்கும். முந்தின வருஷத்துக் கணக்கு, நடப்பு வருஷ வரவு செலவுத் திட்ட மதிப்பீடு, அதே வருஷத்துத் திருத்த மதிப்பீடு, வரப்போகும் வருஷ மதிப்பீடு. பேப்பரில் தலைப்பாக வருவது நாலாவது பத்தி. நமக்கு வேலை முதல் மூன்றில். போட்டது எவ்வளவு, திருத்தியது எவ்வளவு, முந்தின வருஷம் உண்மையில் செலவானது எவ்வளவு? ஒரு திட்டத்துக்குப் பத்து கோடி போட்டு, திருத்தத்தில் நாலு கோடியாக ஆக்கி, புது வருஷத்துக்கு மறுபடி பத்து கோடி என்று போட்டிருந்தால் அந்த வரியை மட்டும் கத்தரித்துத் தனியாக ஒட்டிக்கொள்ளுங்கள். அந்த ஆறு கோடி எங்கே போனது என்பதுதான் கேள்வி. கருவூலத்தில் உட்கார்ந்தவளுக்கு அதன் பதில் கொஞ்சம் தெரியும். நிர்வாக ஒப்புதல் தாமதமாக வரும், அப்புறம் டெண்டர் நீளும், பில்லெல்லாம் மார்ச் கடைசி வாரத்தில் மூட்டையாக வந்து இறங்கும், 31-ஆம் தேதிக்குள் முடியாததைத் துறையே சரண்டர் செய்துவிடும். இல்லாதவர்களுக்கென்று ஒதுக்கிய பணம் சத்தமில்லாமல் திரும்பிப் போவது இப்படித்தான்.

ஒரு எச்சரிக்கை. அந்தப் புத்தகத்தில் தொகை எல்லாம் ஆயிரத்தில் இருக்கும். 1,00,00 என்று போட்டிருந்தால் அது ஒரு கோடி. முதல் வருஷம் நான் அதைப் பத்தாயிரம் என்று எழுதிக் கொடுத்து, ராத்திரி பதினொன்றரைக்குப் பதறிப்போய் சென்னைக்கு போன் போட்டேன். 31 வருஷ அனுபவம் என்று பீற்றிக்கொள்கிற எனக்கே இந்தக் கதி.

இரண்டாவது வேலை, கோரிக்கை எண் 4-ஐ விட்டு வெளியே போவது. துணைத்திட்ட நிதி, அதாவது பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் என்று தனியாக ஒதுக்குகிற பங்கு, ஒரே துறையில் இருக்காது. பள்ளிக்கல்வி, நெடுஞ்சாலை, ஊரக வளர்ச்சி என்று பரவிக் கிடக்கும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கணக்குத் தலைப்பில் 789 என்ற எண் வந்தால் அது பட்டியல் சாதியினருக்கான பங்கு, 796 வந்தால் பழங்குடியினருக்கான பங்கு. 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் முதல் பிரிவினர் 20.01 சதவீதம், இரண்டாவது பிரிவினர் 1.1 சதவீதம். மக்கள்தொகை விகிதத்துக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும் என்பது பழைய கொள்கை. அதற்கென்று 2024-இல் நம் சட்டமன்றத்தில் தனிச்சட்டமே வந்துவிட்டது. விகிதம் சரியாக இருக்கிறது என்று பதில் வரும். மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் இருக்கவும் கூடும். அதனால் மொத்தத்தோடு சண்டை போடாதீர்கள். உங்கள் தொகுதியில் 789-இன் கீழ் காட்டிய ஒரு சாலையை எடுத்து, அது எந்தக் காலனியைத் தொடுகிறது என்று நடந்து பார்த்துவிட்டு வந்து கேளுங்கள். எல்லாரும் போகிற ரோட்டில் கால்வாசியை இந்தக் கணக்கில் எழுதியிருந்தால் அப்போது தெரிந்துவிடும்.

மூன்றாவது, ஒரு தலைக்கு எவ்வளவு என்று பிரிப்பது. கோடி என்றால் யார் காதிலும் ஏறாது. நாங்கள் விடுதியை எடுத்தோம். 2023-இல் பள்ளி விடுதி மாணவருக்கு மாத உணவுக் கட்டணத்தை 1,000 ரூபாயிலிருந்து 1,400 ஆக்கினார்கள், கல்லூரி மாணவருக்கு 1,100-லிருந்து 1,500. (பேசும் வருஷத்தில் மாறியிருக்கிறதா என்று அரசாணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2025-இல் சமூகநீதி விடுதிகள் என்று பெயரையும் மாற்றிவிட்டதால் தேடும்போது இரண்டு பெயரையும் போடுங்கள்.) 1,400-ஐ 30-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 46 ரூபாய் 66 காசு, மூன்று வேளைக்கும் சேர்த்து. இந்தக் கணக்கைப் போட்ட அன்று காலை மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் நானும் அவளும் சாப்பிட்டோம். ஆளுக்கு இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு டீ. ஆளுக்கு 45 ரூபாய் ஆனது. அவள் அந்தச் சில்லறையை எண்ணிக்கொண்டே, "அக்கா, இதையே பேசிடுறேன்" என்றாள். "அரிசி அரசுக் கிடங்கிலிருந்து வருதேன்னு மடக்குவாங்களே?" என்று கேட்டேன். அதற்குத்தான் விடுதிக்கே போனோம்.

போகும்போது சொல்லாமல் போங்கள். சொல்லிவிட்டுப் போனால் முட்டை இருக்கும். சமையலறையில் மூன்றைப் பாருங்கள். சாம்பார் பாத்திரத்தின் அடி, காய்கறிக் கூடை, குழாய். நாங்கள் போன இடத்தில் அரிசி நன்றாகத்தான் இருந்தது. சாம்பாரில்தான் பருப்பைத் தேட வேண்டியிருந்தது. ஏழு குழாயில் தண்ணீர் வந்தது இரண்டில். சமைக்கிற அம்மா யாரையும் குறை சொல்லவில்லை. "அரிசி வந்துருதுத்தா, காய்தான் இழுத்துப் பிடிச்சு" என்றார். அந்த வாக்கியத்தை அப்படியே குறித்துக்கொண்டோம், அவர் பெயரை மட்டும் எழுதவில்லை. நீங்களும் எழுதாதீர்கள். பேசிவிட்டு நீங்கள் ஊருக்குத் திரும்பிவிடுவீர்கள், அவர் அங்கேதான் இருக்க வேண்டும்.

இனி பேச்சு. நம் பேரவையில் தலைவருக்கு நன்றி, தொகுதிக்கு நன்றி, ஒரு குறள் என்று தொடங்கினாலே இரண்டு நிமிடம் ஓடிவிடும். கட்சி எதிர்பார்க்கும், முழுதாக விடவும் முடியாது. ஒரே மூச்சில் முப்பது வினாடிக்குள் முடியுங்கள். குறிப்பை ஒரு தாளுக்குள் அடக்கி, பெரிய எழுத்தில் எழுதுங்கள். மூன்று எண் போதும். எதிர்க்கட்சியாக இருந்தால் 100 ரூபாய் வெட்டுத் தீர்மானம் (துறை கேட்ட தொகையில் நூறு ரூபாயைக் குறையுங்கள் என்பது) கொடுத்து வையுங்கள். யாரும் அந்த நூறை வெட்டப் போவதில்லை, ஆனால் குறை இன்னதென்று பதிவாகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021-இல் 234 பேரில் பெண்கள் 12 பேர்தான் ஜெயித்தார்கள். மதுரை கிழக்கில் சுதந்திரப் போராட்ட வீராங்கனை கே.பி.ஜானகியம்மாள் ஜெயித்தது 1967-இல் என்பதை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பாருங்கள். பெண் எழுந்தால் சுய உதவிக்குழு பற்றித்தான் பேசுவார் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. நிதிக் கணக்கு பேசினால், "யாரோ எழுதிக் கொடுத்திருக்காங்கம்மா" என்று ஒரு சிரிப்பு வரும். எங்களுக்கும் வந்தது. அவள் தாளை மடித்து மேசையில் வைத்துவிட்டு, 1,400-ஐ 30-ஆல் வகுப்பதை அங்கேயே வாயால் சொல்லிக் காட்டினாள். அதனால் எண்ணை மனப்பாடம் செய்யாதீர்கள். கணக்கைப் போடப் பழகுங்கள். முதல் நாள் ராத்திரி நான் அவளை அடுப்படியில் நிற்க வைத்து ஆறு தடவை கேட்டேன்.

பேசி முடித்த மறுநாள் அவைக் குறிப்பில் அமைச்சர் தந்த பதிலை எடுத்து, 'ஆவன செய்யப்படும்', 'பரிசீலனையில் உள்ளது' என்பதையெல்லாம் அடித்துவிட்டு, தேதியோ தொகையோ உள்ள வரியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். எங்களுக்கு வந்த பதிலில் அந்த விடுதியில் நாலு குழாய் மாற்றியதாக இருந்தது. போய்ப் பார்த்தோம். மூன்று மாற்றியிருந்தார்கள்.